துவாரம் இல்லாத காது

மாநகராட்சிக் குறைகேட்புப் பிரிவின் துணை ஆணையரும், என் ஒரே தங்கையின் கணவருமாகிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். அங்குத் தங்கள் உடல்நலமும், தங்கையின் முழங்காலும், பிள்ளைகளின் படிப்பும் சீராக இருக்க விழைகிறேன். இத்துடன் குடும்ப விசாரிப்பு நிறைவுற்றது. இனி வருவதைத் துணை ஆணையர் படிக்கவும். தங்கையின் கணவர் படிக்க வேண்டிய இடங்கள் வந்தால் அங்கங்கே குறிப்பிடுவேன். ஒரே ஆள் இரண்டு பதவிகளில் அமர்ந்திருப்பதால் வந்த சங்கடம் இது, நான் உண்டாக்கியதல்ல.

சென்ற வாரம் தாங்கள் தொலைபேசியில் என்னிடம் சிலவற்றைச் சொன்னீர்கள். நான் கேட்டேன் என்பதற்குச் சான்றாக அவற்றைத் திருப்பிச் சொல்கிறேன். நான் கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டும் என்றீர்கள். பொதுக்கூட்டத்தில் நான் நடந்துகொண்ட விதத்தால் அலுவலகத்தில் தலைகாட்ட முடியவில்லை என்றீர்கள். இந்த மாத இறுதிக்குள் பேருந்து ஓட்டுநர்களின் செவித்தகுதிச் சான்றிதழ்களில் நான் கையெழுத்திடாவிட்டால், மாநகராட்சி எனக்குத் தந்திருக்கும் அங்கீகாரம் வேறொருவருக்குப் போய்விடும், அதைத் தடுக்கத் தங்களால் இயலாது என்றீர்கள். சரியாகச் சொல்லிவிட்டேனா? அனைத்துக்கும் என் பதில் ஒன்றுதான்: முடியாது. ஏன் முடியாது என்பதை விளக்கவே இக்கடிதம்.

என் தொழிலைத் தங்கையின் கணவர் அறிவார். துணை ஆணையர் அறிந்திருக்க நியாயமில்லை என்பதால் சொல்கிறேன். நான் செவித்திறன் பரிசோதகன். ஒலி புகாத சிறு அறை, அதனுள் ஒரு நாற்காலி, கண்ணாடிக்கு இப்பால் கருவியோடு நான். உள்ளே இருப்பவர் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். நான் மெல்லிய ஒலி ஒன்றை அனுப்புவேன். கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். கேட்காவிட்டால் அழுத்தக் கூடாது. இதைவிட எளிய சட்டம் உலகத்தில் இயற்றப்பட்டதில்லை. ஆயினும் வருபவர்களில் பாதிப்பேர் கேட்காத ஒலிக்கும் பட்டனை அழுத்துவார்கள். என் புருவம் அசைந்தால் அழுத்துவார்கள். வெளியே வந்ததும் நான் எதைப் பேசினாலும், புன்னகையோடும் தக்க இடைவெளியோடும், நடுநடுவே ஓர் "ஆமாமா" சேர்த்துத் தலையாட்டுவார்கள். காது மந்தமாகிவிட்டது என்பதற்கு அடையாளம் ஒருவர் அடிக்கடி "என்ன?" என்று கேட்பதல்ல, மாப்பிள்ளை. "என்ன?" என்று கேட்பதை அவர் நிறுத்திவிடுவதுதான். இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு: "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்போம். தலையாட்டலுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை.

இப்படியாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என் அறையில், சென்ற மாதம் ஒரு காலை வேளையில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் தோற்றார். ஆண்டுதோறும் ஓட்டுநர்களுக்கு நடக்கும் சோதனை. இதில் தேறாமல் வண்டியைத் தொடக் கூடாது என்பது தங்கள் விதி, நல்ல விதி. அடுத்து வந்தவரும் தோற்றார். அதற்கடுத்து வந்தவர் பணிமனையிலேயே மூத்தவர். அவரை எல்லோரும் ஹாரன் என்றுதான் அழைப்பார்கள். தாழ்ந்த ஒலிகளில் அவரும் தோற்றார். முடிவைச் சொன்னபோது அவர் கலங்கவே இல்லை. "சார், நான் ஹாரன் அடிக்கிறவன். கேக்க வேண்டியவன் எதிர்ல வர்றவன்," என்றார். அன்று மாலை பாட்டு ஆசிரியை ஒருவர் வந்தார், அவரும் தோற்றார், என் மேசைமேல் இருந்த காகிதக் கைக்குட்டைகள் எல்லாம் தீரும்வரை அழுதார். அவர் போனதும் நானே உள்ளே உட்கார்ந்து என்னையே சோதித்தேன். நானும் தோற்றேன். என் காதைப் பற்றி எனக்கு ஐயமில்லை. என் வீட்டில் ஒரு குண்டூசி விழுந்தாலும் எனக்குக் கேட்கும். ஆகவே கருவியைப் பார்த்தேன், பழுதில்லை. கம்பிகளைப் பார்த்தேன், பழுதில்லை. கடைசியில் தரையில் உள்ளங்கையை வைத்தேன். தரை முனகிக்கொண்டிருந்தது.

என் அறைக்குப் பின்னால், அதே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு, மாநகராட்சிக்குச் சொந்தமான கொட்டகை ஒன்று நிற்கிறது. அதில் புதிதாக ஒரு தண்ணீர் மோட்டாரைக் கொண்டுவந்து, பரந்து கிடக்கும் கொட்டகையில் வேறு இடமே இல்லாததுபோல் என் சுவரோடு ஒட்டிப் பொருத்தியிருக்கிறீர்கள். பேச்சுச் சத்தத்தைத் தடுக்க என் அறைக்குத் தெரியும். தரைவழியாகவும் சுவர்வழியாகவும் வரும் உறுமலைத் தடுக்கத் தெரியாது. அந்த உறுமல் நான் அனுப்பும் தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடுகிறது. மோட்டாரை நிறுத்துங்கள் என்று நான் எப்போதும் கேட்கவில்லை. தண்ணீர் எனக்கும் வேண்டும். அதே கொட்டகையில் எதிர்ச்சுவர் ஓரமாக நகர்த்தி, அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள் என்று மட்டுமே கேட்டேன். படம் வரைந்து, அளவு குறித்து, ரப்பர் விரிப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் எழுதி இணைத்தேன். அரைநாள் வேலை.

இனி, தங்கள் பிரிவு என்னைக் கேட்ட விதத்தைச் சொல்கிறேன். கைபேசிச் செயலியில் புகார் செய்யப் புகுந்தேன். சாலை, குப்பை, தெருவிளக்கு, தண்ணீர் வரவில்லை, தெருநாய் என்று தலைப்புகள் இருந்தன. என் குறைக்குத் தலைப்பு இல்லை. பொய்த் தலைப்பில் புகார் செய்ய என் மனம் இடந்தராததால் தங்கள் உதவி எண்ணை அழைத்தேன். எடுத்த பெண் மிக மரியாதையானவர், குறைசொல்ல இடமில்லை.

"என்ன புகார் சார்?"

"இரைச்சல், அம்மா."

"இரைச்சல்னு தனியா இல்ல சார். தெருநாய்க்குக் கீழதான் இரைச்சல் வருது."

"நாய் இல்லை. மோட்டார்."

"மோட்டார்னு போட்டா அது தண்ணி வரலைங்கிற புகாராயிடும். உங்களுக்குத் தண்ணி வருதா?"

"வருகிறது. மோட்டார் ஓடுவதால்தான் வருகிறது. ஓடுவதுதான் என் குறை."

"அப்ப தண்ணி வர்றதுதான் உங்க பிரச்சினையா?"

"இல்லை அம்மா..."

"நான் நாய்லயே போட்டுடறேன் சார். ஆள் வந்து பார்ப்பாங்கல்ல, அப்ப நேர்ல சொல்லிக்கங்க."

ஆள் வந்தார்கள். வலையோடு வந்தார்கள். என் அறை வாசலில் வலையை விரித்து வைத்துக்கொண்டு, அவர்களில் மீசைக்காரர் என்னைக் கேட்டார், "எந்த நாய் சார்?"

"நாய் இல்லை."

"ஓடிருச்சா?"

"இருந்ததே இல்லை."

"அப்ப நாய் அகற்றப்பட்டதுன்னு எழுதிக்கட்டுமா?"

"இல்லாத நாயை எப்படி ஐயா அகற்றினீர்கள்?"

"இப்ப இங்க நாய் இருக்கா சார்?"

"இல்லை."

"அதத்தான எழுதப்போறேன்."

மறுநாள் கைபேசிக்குத் தங்கள் பிரிவின் செய்தி வந்தது. தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. திருப்தி என்றால் ஒன்றை அழுத்தவும், மிகுந்த திருப்தி என்றால் இரண்டை அழுத்தவும். பதில் வராவிட்டால் திருப்தி எனக் கொள்ளப்படும். துணை ஆணையர் அவர்களே, நான் ஆண்டுக்கணக்காகப் பட்டனோடு பிழைப்பவன். பட்டனை அழுத்தாதவருக்குக் கேட்கவில்லை என்றுதான் பொருள் கொள்வேன். அழுத்தாதவரையெல்லாம் தேறியவராகக் கணக்கெடுத்தால் இந்த ஊரில் செவிடர் ஒருவர்கூட மிஞ்சமாட்டார். தங்கள் ஆண்டறிக்கையில் குடிமக்கள் ஏறக்குறைய அனைவரும் திருப்தியில் திளைப்பதன் இரகசியம் அன்றுதான் எனக்கு விளங்கியது. மறுபடியும் புகார் செய்தேன். மறுபடியும் வலை வந்தது. இம்முறை மீசைக்காரர் என்னைப் பார்த்ததும் பழகியவர்போல், "அதே நாயா சார்?" என்று கேட்டார்.

ஆகவேதான் "மக்களிடம் கேட்போம்" கூட்டத்துக்கு வந்தேன். விளம்பரத்தில் தங்கள் படம் இருந்தது. அரங்கத்துக்குள் நுழைந்தவுடன் என் கண்ணில் பட்டது மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பெரிய பதாகை. அதில் ஒரு மாபெரும் காது. வரைந்தவர் கைதேர்ந்தவர், மடல் இருந்தது, வளைவுகள் இருந்தன, சோணை இருந்தது, ஒரு சிறு தோடுகூட இருந்தது. துவாரம் மட்டும் இல்லை. நான் அருகில் போய்ப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், இல்லை. இதை ஏற்பாட்டாளர் ஒருவரிடம் பணிவாகச் சுட்டிக்காட்டினேன். "அது சிம்பாலிக் சார்," என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மேடையில் தாங்களும் பொறியாளரும் மற்ற அதிகாரிகளும் ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் அமர்ந்திருந்தீர்கள். ஒலிபெருக்கிகள் எங்களைப் பார்த்திருந்தன. உங்கள் பேச்சு எங்களுக்குக் கேட்கும், எங்கள் பேச்சு உங்களுக்குக் கேட்காது. இந்த ஏற்பாட்டை ஓர் அரங்கத்தில் இவ்வளவு துல்லியமாகச் செய்வது எளிதன்று, பாராட்டுகிறேன். (இந்த வரி தங்கையின் கணவருக்கு: என்னைப் பார்த்ததும் தாங்கள் சட்டென்று கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டீர்கள். அது ஒலிக்கவில்லை. எனக்குக் காது கேட்கும்.)

முதலில் தையற்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் எழுந்தார். அவர் கேட்டது மிகச் சிறியது. அவர் தெருவில் குழாய் இருக்கிறது, தண்ணீரும் நன்றாக வருகிறது, ஆனால் அவர் கடையில் இருக்கும் நேரத்தில் வருகிறது. காலை கடை திறப்பதற்கு முன்னால் விட்டால் பிடித்து வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். அவர் பேசப் பேசப் பொறியாளர் தலையாட்டினார். என்ன அழகான தலையாட்டல்! புன்னகை இருந்தது, தக்க இடைவெளி இருந்தது, நடுநடுவே "ஆமாமா" இருந்தது. என் உடம்பு சிலிர்த்தது. பேசி முடித்ததும் பொறியாளர் ஒலிவாங்கியை இழுத்து, "உங்க தெருவுக்கு விரைவில் புதுக் குழாய் போட்டுக் குடுக்கிறோம்," என்றார். அரங்கம் கைதட்டியது. அந்த அம்மா, "குழாய் இருக்குங்க ஐயா, நேரந்தான்..." என்று தொடங்கினார். பொறியாளர் மறுபடியும் தலையாட்டினார்.

நான் எழுந்தேன். கட்டுப்பாடு இழந்து எழவில்லை. நிகழ்ச்சி நிரலில் "கேள்விகள் வரவேற்கப்படும்" என்ற வரியின்படி எழுந்தேன்.

"ஐயா, அந்த அம்மா சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடியுமா?"

பொறியாளர் என்னை உற்றுப் பார்த்தார். "தண்ணி வரலன்னு சொன்னாங்க."

"இல்லீங்க," என்றார் தையற்கடை அம்மா.

"குழாய் உடைஞ்சிருக்கு."

"இல்லீங்க."

"தண்ணி கலங்கலா வருது."

"அய்யோ, கண்ணாடி மாதிரி வருதுங்க."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அதற்குப் பின் நடந்தவற்றுக்கு நான் பொறுப்பல்ல. அடுத்துப் பேசியவர் பேசி முடித்ததும் அரங்கமே சேர்ந்து, "திருப்பிச் சொல்லுங்க," என்றது. அடுத்தவர் முடித்ததும் அப்படியே. கூச்சல் இல்லை, நாற்காலி பறக்கவில்லை, வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒரே சுருதியில், "திருப்பிச் சொல்லுங்க." ஒவ்வொரு முறையும் மேடையில் யாராவது ஏதாவது திருப்பிச் சொன்னார்கள், ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை, ஒருவர் பேசிய சாக்கடையை இன்னொருவர் பேசிய தெருவிளக்கோடு சேர்த்துச் சாக்கடைக்குள் விளக்குப் போடுவதாக உறுதிகூட அளித்துவிட்டார்கள். பிறகு நேரமின்மையால் கூட்டம் நிறைவுறுவதாகத் தாங்களே அறிவித்தீர்கள். காவலாளி என்னிடம் வந்தார்.

"சார், வெளிய வாங்க."

"ஏன் என்று சொல்ல முடியுமா?"

"உங்கள வெளிய கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. அதைத்தான் உங்ககிட்டத் திருப்பிச் சொல்றேன்."

அன்று அந்த அரங்கத்தில் கேட்டதைச் சரியாகத் திருப்பிச் சொன்ன ஒரே அரசு ஊழியர் அவர்தான். அவருக்கு நான் முழு மதிப்பெண் போட்டு வெளியேறினேன்.

மறுநாள் பணிமனை மேலாளர் என் அறைக்கு வந்தார். ஒரு கட்டுச் சான்றிதழ்களை மேசைமேல் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்.

"எல்லாரும் வருஷக்கணக்கா ஓட்டுறவங்க சார். காது கேக்காமயா ஓட்டுறாங்க?"

"அதைத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டும்."

"போன வருஷ ரிசல்ட்டையே போட்டுடுங்களேன்."

"போன வருடக் காதுகளையே கொண்டுவாருங்கள், போடுகிறேன்."

அவர் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது, வேறொரு பரிசோதகர் இருப்பதாகவும், அவர் அறையும் வைத்திருப்பதில்லை, கருவியும் வைத்திருப்பதில்லை, பேனா மட்டும் வைத்திருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை ஹாரன் வந்தார். சோதனையில் தோற்ற மற்ற ஓட்டுநர்களைப்போல் அவரும் சண்டைக்கு வந்தவர் என்றே நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், இந்த மாசக் கடைசியோட வண்டி எடுக்க விடமாட்டாங்கன்னு சொல்றாங்க. வீட்ல சொல்லல இன்னும். ஆனா சார், நீங்க சும்மா கையெழுத்துப் போட்டுறாதீங்க," என்றார். ஏன் என்று கேட்டேன். "முன்னாடியெல்லாம் கண்டக்டர் பின்னாடி பலகையத் தட்டினா உடனே கேக்கும். இப்ப ரெண்டாவது வாட்டி தட்டினாத்தான் கேக்குது. அது வண்டிச் சத்தமா, என் காதான்னு எனக்குத் தெரியணும் சார். யார்கிட்டயும் சொல்லிராதீங்க," என்றார்.

துணை ஆணையர் அவர்களே, இதை நான் தங்களிடம் சொல்வதற்கு அவர் பின்னர் அனுமதி தந்திருக்கிறார், இயற்பெயர் கூறாமல். இப்போது என் நிலையைத் தாங்களே கூட்டிப் பாருங்கள். என்னிடம் தோற்ற ஓட்டுநர்களில் பெரும்பாலோருக்கு நல்ல காது. ஒருவருக்கோ இருவருக்கோ உண்மையிலேயே மங்கியிருக்கலாம். அவர்கள் யார் என்று தங்கள் மோட்டார் என்னைச் சொல்ல விடவில்லை. எல்லோருக்கும் கையெழுத்திட்டால் கேளாத ஒருவர் பேருந்தைப் பின்னால் எடுப்பார். அங்கே யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் இடாவிட்டால் கேட்கும் காதுள்ளவர்கள் வேலை இழப்பார்கள். இரண்டில் எதையும் நான் செய்யப்போவதில்லை. அறையைப் பூட்டிவிட்டேன். "சுவர் பேசுவதை நிறுத்தும்வரை சோதனை இல்லை" என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கீகாரத்தை எடுக்கிறீர்களா, எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டமிட்ட தாள் சுவரில் மாட்டியிருக்கிறது, ஆணி என்னுடையது, ஆணியை மட்டும் விட்டுவிட்டு எடுத்துப் போங்கள்.

இக்கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். முதல் வரைவைத் திங்கட்கிழமை மாலை எழுதிக்கொண்டிருந்தபோது, என் மனைவி பள்ளி நூலகத்தில் வேலை முடிந்து வந்து, பக்கத்தில் நின்று சாவியைப் பற்றியும் காப்பியைப் பற்றியும் ஏதோ வீட்டுச் செய்தி சொல்லிக்கொண்டிருந்ததில் ஒரு முக்கியமான வாக்கியம் நழுவிப்போயிற்று. அந்த வாக்கியம் இதுதான், இப்போது மீட்டுவிட்டேன்: அரசுக்குக் குடிமக்களைக் கேட்க ஆசையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆசை இருக்கிறது, செயலி இருக்கிறது, உதவி எண் இருக்கிறது, பதாகை இருக்கிறது. ஆனால் என் நோயாளிகளுக்கும் கேட்க ஆசைதான். ஆசை ஒரு புலன் அன்று. கேட்பதற்கு முதலில் நம் இரைச்சலை நாம் நிறுத்த வேண்டும். பேசுபவர் சொல்லி முடிக்கும்வரை பதிலை நாக்கில் தயாராக வைத்திருக்கக் கூடாது. பிறகு, கேட்டதை அவர் முன்னாலேயே திருப்பிச் சொல்லி, "அதுதாங்க" என்று அவர் வாயால் சொல்லும்வரை காரியம் எதையும் தொடங்கக் கூடாது. இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, குழு தேவையில்லை. இதைத் தாங்கள் செய்திருந்தால் இல்லாத நாயைத் தேடி இரண்டு தடவை வலை வந்திருக்காது.

ஆகையால் என் நிபந்தனையைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். பதில் கடிதம் வேண்டாம். தொலைபேசி வேண்டாம். "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க மச்சான்" வேண்டவே வேண்டாம். தாங்கள் என் அறைக்கு நேரில் வர வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். என் சுவர் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். அதற்குப் பின்னும் கையெழுத்திடு என்று தங்களால் சொல்ல முடிந்தால், அப்போது பார்க்கலாம். தாங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். துணை ஆணையர் ஒருவர் தம் நாற்காலியை விட்டு எழுந்து இன்னொருவர் நாற்காலியில் போய் உட்கார்ந்ததாக இந்த ஊரில் யாரும் கண்டதில்லை. வராதவரை நான் அசையமாட்டேன். எத்தனை வலைகள் வந்தாலும் அசையமாட்டேன்.

தங்கைக்கு என் அன்பு. முழங்காலுக்கு ஒத்தடம் தவறாமல் கொடுக்கச் சொல்லவும். பிள்ளைகள் பல்லாண்டு நல்ல கண்ணோடும் நல்ல காதோடும் வாழ மூத்த மாமன் என்ற முறையில் ஆசீர்வதிக்கிறேன். துணை ஆணையருக்கு ஆசி இல்லை, வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
உறவால் தங்கள் மச்சான்,
உரிமையால் ஒரு குடிமகன்

பின்குறிப்பு: இக்கடிதத்தை உறையிலிட்டு ஒட்டும் முன், தபாலில் சேர்ப்பதற்காக என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள். படிக்கும்போது நான் எதிர்பாராத இடங்களிலெல்லாம் சிரித்தாள்.

"மாப்பிள்ளத் தம்பி வரமாட்டார்னு எழுதியிருக்கீங்க?"

"வரமாட்டார்."

"அவர் திங்கக்கிழமையே வந்துட்டுப் போயிட்டாருங்க."

எங்கே வந்தார் என்று கேட்டேன். அவள் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் தாங்கள் என் பூட்டிய கதவின் முன்னால் நின்றிருந்தீர்களாம். "அக்கா, மச்சான் இருக்காரா? வீட்ல உங்க நாத்தனார் என்னைச் சாப்பிட விடமாட்டேங்கறா, அந்த ரூம்ல ஒரு தடவையாவது போய் உக்காந்து பாருங்கன்னு சொல்றா," என்றீர்களாம். அவளிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்து, தங்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, என்னைப் பார்த்துப் பழகியபடி கருவியை இயக்கியிருக்கிறாள். தாங்கள் தோற்றீர்களாம். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "சுவத்துக்குள்ள யாரோ இருக்காங்க அக்கா," என்றீர்களாம். பக்கத்துக் கடையில் காப்பி குடித்துவிட்டுப் போனீர்களாம். செவ்வாய்க்கிழமை மோட்டார் எதிர்ச்சுவருக்குப் போய்விட்டதாம். ரப்பர் விரிப்பு நான் குறிப்பிட்ட கடையிலிருந்தே வாங்கப்பட்டதாம்.

"இதையெல்லாம் என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழமையே சொன்னேன். செவ்வாய்க்கிழமையும் சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டே தலையாட்டினீங்க."

"நான் தலையாட்டினேனா?"

"சிரிச்சுக்கிட்டே. நடுவுல ரெண்டு தடவை ஆமாமான்னீங்க."

இப்போதுதான் போய் என் அறையின் தரையில் கையை வைத்துவிட்டு வருகிறேன். தரை வாயை மூடிக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை ஹாரன்தான் முதல் ஆள். அவர் காது எப்படி இருக்கிறதோ, உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்திடுவேன். தங்களுக்கு என் நன்றி. இந்த நன்றி தங்கையின் கணவருக்கு மட்டும்.

அதனால்தான் இக்கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். தாங்கள் வந்தது மாநகராட்சி அனுப்பியல்ல, என் தங்கை அனுப்பி. கதவு திறந்தது என் மனைவியின் மாற்றுச் சாவியால். தையற்கடை அம்மாவுக்குத் துணை ஆணையர் வீட்டில் தங்கை இல்லை, மாப்பிள்ளை. அவர் யாரை அனுப்புவார்? எனக்குக் கிடைத்த காது அவருக்கும் கிடைக்கும்வரை, என் குறை மட்டுமே தீர்ந்தது, என் புகார் தீரவில்லை. "தீர்க்கப்பட்டது" என்று செய்தி அனுப்பினால் ஒன்றையும் அழுத்தமாட்டேன், இரண்டையும் அழுத்தமாட்டேன்.

மேலே பதில் கடிதம் வேண்டாம் என்று எழுதியதை இரத்து செய்கிறேன். பதில் வேண்டும். அதன் முதல் வரியில், அந்த அம்மா கூட்டத்தில் என்ன கேட்டார் என்பதைத் தங்கள் கைப்பட எழுதவும். எழுதியதை முதலில் அவரிடம் காட்டி, "அதுதாங்க" என்று அவர் சொன்ன பிறகே தபாலில் சேர்க்கவும். எல்லாவற்றையும் நான் ஏன் கடிதமாகவே எழுதுகிறேன் என்று தங்கை கேட்பாள். கடிதத்துக்குத் தலையாட்ட முடியாது என்று சொல்லுங்கள்.